படுக்க இடம் உண்டு, பகலில் மட்டும்

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு மளிகைக் கடை. கண்ணாடிக் கதவின் உட்பக்கம், முருங்கைக்காய் வந்துவிட்டது என்ற அறிவிப்புக்கும் ஒரு பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்புக்கும் நடுவே, கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ‘படுக்க இடம் உண்டு. பகலில் மட்டும். மாணவர்கள் விரும்பப்படுவர். சைவம். மாதம் 280 பவுண்டு.’

இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது. ராத்திரி ஒருவன் படுத்து எழுந்துபோன மெத்தையின் பகல் பொழுதை வாடகைக்கு விடுகிறார்கள். நான் காவிரிப் பாசனக்காரன். ஒரே வயலைக் குறுவைக்கு ஒருவனுக்கும் சம்பாவுக்கு இன்னொருவனுக்கும் விட்ட மிராசுதார்களைப் பற்றி எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். மெத்தையிலும் இருபோகம் எடுக்கலாம் என்று அந்த மிராசுதார்களுக்குத் தோன்றவில்லை. பாவம், அவர்கள் வெளிநாடு போனதில்லை.

என் பக்கத்தில் நின்ற பையன் கைபேசியை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டான். “அங்கிள், இது நமக்கு செட் ஆகும்ல? நைட் ஷிஃப்ட் கெடைச்சிட்டா பகல்ல தானே தூங்கப் போறேன்” என்றான்.

“காலேஜுக்கு எப்படா போவ?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. இந்த நாட்டில் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

பையன் என் பள்ளித்தோழனின் மகன். ஊர் லால்குடி பக்கம். சிவில் முடித்துவிட்டு, கட்டுமான மேலாண்மையில் எம்.எஸ்ஸி. படிக்க 2025 செப்டம்பரில் வந்தான். பாடத்தின் பெயரைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

திருச்சி தில்லைநகரில் ஒரு கன்சல்டன்சி அவனைப் பிடித்திருக்கிறது. ஏ.சி. அறை, சுவரில் பிக் பென் படம், மேசையில் பளபளக்கும் கையேடு. சேவை முற்றிலும் இலவசம் என்றார்களாம். இலவசம்தான். சந்தையில் மாட்டைக் கைமாற்றிவிடும் தரகன் மாட்டிடம் காசு வாங்குவதில்லை. கையேட்டின் நடுப்பக்கத்தில் ஒரு அறை. வெள்ளைப் போர்வை, ஜன்னலோரம் குட்டிச் செடி, சுவரில் மினுக்கு விளக்குச் சரம், கட்டிலில் சம்மணம் போட்டு மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண். இந்தப் பெண்ணை எல்லாப் பல்கலைக்கழகங்களின் கையேட்டிலும் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வருஷ லண்டன் வாசத்தில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

நம் வங்கிகளில் கல்விக்கடன் பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை ஈடு வைக்க வேண்டும். அந்த எண்ணை நிர்ணயித்த அதிகாரி நிச்சயம் ஜோசியம் தெரிந்தவர். தோழனின் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிற்று. வந்த கடன் ஃபீஸுக்குச் சரியாகப் போயிற்று. ஆனால் விசாவுக்கு அது போதாது. லண்டனில் படிக்க வருகிறவன் மாதம் 1,483 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 13,347 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும் என்பது அவன் விண்ணப்பித்த நாளில் இருந்த விதி. பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அது 28 நாள் கணக்கிலேயே கிடக்க வேண்டும். லால்குடியில் யார் அவ்வளவு பணத்தைச் சும்மா போட்டுவைத்திருக்கிறார்கள்? அதற்கும் ஆள் இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்து, 28 நாள் கணக்கில் நிற்கவிட்டு, காரியம் ஆனதும் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, லண்டன் போகும் பிள்ளை முதன்முதலில் வாடகைக்கு எடுப்பது பணத்தை. அறை அப்புறம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மாணவன் லண்டனில் மாதம் எவ்வளவு இருந்தால் உயிரோடு இருப்பான் என்று பிரிட்டிஷ் அரசுக்கு மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 1,483. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதே என்று சொல்வதும் அதே அரசுதான். அவன் வந்தபோது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. இருபது மணிக்கு 244 சொச்சம். மாதத்துக்கு 1,058. வாடகைக்கு வாங்கிக் காட்டிய பணம் திரும்பிப் போய்விட்ட பிறகு, அரசு சொன்ன தொகைக்கும் அரசு அனுமதித்த தொகைக்கும் இடையே 425 பவுண்டு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதை எதைப் போட்டு மூடுவது? கொஞ்சம் சோற்றில் குறைப்பான். மீதியைத் தூக்கத்தில் குறைப்பான்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றினாலும் கதை மாறாது. அங்கிருந்து வந்த முதல் மின்னஞ்சல், உங்கள் வருகைக்காக ஆவலோடு காத்திருக்கிறோம் என்றது. முன்பணம் 5,000 பவுண்டு கட்டிய பிறகு வந்தது இரண்டாவது: தங்குமிடம் உறுதியாகாமல் தயவுசெய்து கிளம்பி வந்துவிட வேண்டாம். கல்யாணத்துக்கு மொய்யை முன்கூட்டி வாங்கிக்கொண்டு, பந்தியில் இலை இல்லை, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வதுபோல. விடுதி உத்தரவாதம் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே என்று தேடினால், அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி: இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும். விசா வருவதற்குள் அதற்கான கடைசித் தேதியும் போய்விட்டது.

அந்த மின்னஞ்சலிலேயே ஒரு தனியார் மாணவர் விடுதியின் இணைப்பு இருந்தது. வாரத்துக்கு 340 பவுண்டு, 51 வார ஒப்பந்தம். பையன் பெருக்கிப் பார்த்தான். 17,340. அவன் படிப்புக்குக் கட்டணம் 17,500. “அங்கிள், ரூமுக்கும் டிகிரி குடுப்பாங்களா?” என்று கேட்டான். அவனுக்கு நகைச்சுவை உணர்வு அப்போது இருந்தது.

இந்த விடுதிகள் யாருடையவை என்று பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். 2020-இல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் இங்கே ஒரு மாணவர் விடுதிச் சங்கிலியைச் சுமார் 466 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தனியார் சொத்துக் கைமாற்றத்தில் அதுவரை பிரிட்டன் காணாத தொகை. உலகமே வாயில் துணி கட்டிக்கொண்டு கதவடைத்துக் கிடந்த வருஷத்தில், இவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது: மழை பொய்த்தாலும் பொய்க்காத வெள்ளாமை ஒன்று இருக்கிறது, அது வெளிநாட்டுப் பெற்றோரின் ஆசை.

ஹீத்ரோவுக்குப் போய்க் கூட்டிவந்தேன். 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. ஒன்றுக்குள் குக்கர், குக்கருக்குள் பருப்புப்பொடி. பிக்காடில்லி லைனில் வந்து பாரன்ஸ் கோர்ட்டில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினோம். அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பாரன்ஸ் கோர்ட் ரோடு, 20-ஆம் எண் வீடு. 1888-இல் சட்டம் படிக்க வந்த காந்தி தங்கிய வீடு. நீல வட்டப் பலகை பதித்திருக்கிறார்கள். பிறகு செலவைச் சுருக்க அவர் ஒற்றை அறைக்கு மாறினார், ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தானே காய்ச்சிக் குடித்தார், சாப்பாட்டை நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடித்துக்கொண்டார் என்று சுயசரிதையில் வருகிறது. எளிமைக்கு உதாரணமாகப் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒற்றை அறை! நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரே ஆள்! ஈஸ்ட் ஹாம் கணக்கில் அவர் ஜமீன்தார்.

காந்திக்குப் பிறகு ஒரு தமிழரும் இந்த ஊரைப் பார்த்திருக்கிறார். சேலத்தில் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் பொதுச்செயலாளர். லண்டனுக்குப் படிக்க வந்த இந்தியப் பிள்ளைகள் தங்க இடம் கிடைக்காமல் அலைவதைப் பார்த்து அவர் முயன்று கொண்டுவந்ததுதான் 1920-இல் தொடங்கிய இந்திய ஒய்.எம்.சி.ஏ. விடுதி. இன்று ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு இங்கே தமிழனுக்குக் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது. பொங்கலுக்கு மேடை போடுகிறோம். எம்.பி.க்குச் சால்வை போர்த்துகிறோம். அவர் ‘வணக்கம்’ என்று ஒரு சொல் சொன்னால் அரங்கமே கைதட்டி ஓய்கிறது. வருகிற பிள்ளைகளுக்கு என்று நாலு கட்டில் போட்டோம் என்று மட்டும் நான் இதுவரை கேள்விப்படவில்லை.

என் வீட்டில் பதினோரு நாள் ஹாலில் படுத்தான். பன்னிரண்டாம் நாள் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊரைத் திட்டக் கிளம்பியவன் இதையும் எழுதிவிடுவதுதான் முறை.

வீடு தேடினோம். முதலில் முறைப்படி, கோட்டு போட்ட ஏஜென்ட்களிடம். ‘வாரம் 200’ என்று பலகை. பையன் நாலால் பெருக்கி 800 என்றான். லண்டனில் மாதத்துக்கு நாலு வாரம் கிடையாது. ஐம்பத்திரண்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும், 867 வரும். பரவாயில்லை என்று உட்கார்ந்தால், பிரிட்டனில் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். நான் இருக்கிறேன் என்றேன். மாத வாடகையைப்போல் முப்பது மடங்குக்கு மேல் எனக்கு ஆண்டு வருமானம் வேண்டுமாம். என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் முகத்தில் ஒரு கருணை வந்தது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்படியானால் ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டிவிடுங்கள் என்றாள். அவன் வந்த அடுத்த மாதமே, 2025 அக்டோபரில், வாடகைதாரர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாதாம், 2026 மே மாதத்திலிருந்து. நல்ல சட்டம். செப்டம்பரில் வந்தவன் மே மாதம்வரை பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கலாம்.

அதற்கும் மேலே குடியேற்றச் சோதனை. 2016-இலிருந்து இங்கிலாந்து முழுவதும் வீட்டுக்காரர்தான் குடியேற்ற அதிகாரி. தகுதியில்லாத ஆளுக்கு வீடு கொடுத்தால் முதல் தவறுக்கே ஆளுக்கு 10,000 பவுண்டுவரை அபராதம். எனவே பழுப்புத் தோலைக் கண்டதும், வீடு இப்போதுதான் போய்விட்டது என்று சொல்லிவிடுவது சௌகரியம். 17,500 பவுண்டை வாங்கிக்கொள்ளும்போது பல்கலைக்கழகம் இந்தப் பையனை நம்பியது. கைரேகை எடுத்துக்கொண்டு விசா அலுவலகம் நம்பியது. வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவ வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அரசு நம்பியது. படுக்க ஓர் இடம் கேட்டபோதுதான் அவன் சந்தேகத்துக்குரியவன் ஆனான்.

ஆகவே நம்மவர்களிடம் வந்தோம். தொலைபேசியில் முதல் கேள்வி, “தம்பி சைவமா?” இரண்டாவது, “ஊர் எது?” லால்குடி என்றான். “லால்குடில எந்தத் தெரு?” மூன்றாவது கேள்விக்குப் பையன் ‘ஹலோ, ஹலோ, சிக்னல் இல்ல’ என்று வைத்துவிட்டான். கறுப்பர்களுக்கு இடமில்லை என்று இதே ஊர் ஜன்னல்களில் ஒரு காலத்தில் அட்டை தொங்கியது. 1968-இல் சட்டம் கொண்டுவந்து அதை இறக்கினார்கள். நம்மாட்கள் கெட்டிக்காரர்கள். அட்டையே வைப்பதில்லை.

கடைசியில் கிடைத்தது மேனர் பார்க் பக்கம் ஒரு வரிசை வீடு. மூன்று படுக்கையறை. முன்னறையை ஜிப்சம் அட்டையால் தடுத்து இரண்டாக்கியதால் ஐந்து. காட்டிவிட்டவர் போன வருஷ மாணவர், இந்த வருஷ உள்வாடகைக்காரர், நம்ம ஊர்ப் பையன். “வாங்க ப்ரோ, வாங்க அங்கிள், ஷூவ கழட்டிட்டு வாங்க.” மாடியில் பெட்டி அறை என்று ஒன்று. பையன் கால் அடியால் அளந்தான். நீளம் ஏழடி, அகலம் ஆறடி. நாற்பத்திரண்டு சதுர அடி. பலர் தங்கும் உரிமம் பெற்ற வீட்டில் ஒரு ஆள் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், அதாவது எழுபது சதுர அடி இருக்க வேண்டும் என்று 2018-இலிருந்து விதி இருக்கிறது. மாதம் 480 என்றார். முன்னறையில் மூன்றாவது கட்டில் என்றால் 350. அதையே எடுத்தோம். பையன் தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அப்பளம்போல ஓசை. “அங்கிள், ஸ்டட் கூட ஒழுங்கா அடிக்கல” என்று என் காதோரம் சொன்னான். கட்டுமான மேலாண்மை.

சமையலறையில் பதினோரு பேருக்கு ஒரு அடுப்பு. ஃபிரிட்ஜ் கதவில் முறைப்பட்டியல், இரவு ஒன்பதுக்கு மேல் சமைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, கீழே யாரோ கோபத்தில் கிறுக்கிய ‘என் முட்டையை எடுத்தவன் நாசமாப் போவான்’. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி. அதன் மேல் மளிகைக் கடையின் நீலப் பையை மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கழுத்தை நெரித்திருந்தார்கள்.

“இது என்னப்பா?”

“தாளிக்கும்போது கத்துது அங்கிள்.”

இங்கே ஐந்து பேரோ அதற்கு மேலோ, வெவ்வேறு குடும்பத்தவர், ஒரு வீட்டில் இருந்தால் உரிமம் கட்டாயம். மேனர் பார்க் அடங்கிய நியூஹாம் மாநகராட்சி, தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் வேண்டும் என்று பகுதி முழுவதற்கும் இங்கிலாந்திலேயே முதலில் கொண்டுவந்தது, 2013-இல். பெருமைக்குரிய விஷயம். உரிமத்தில் எத்தனை பேர் போட்டிருக்கிறது என்று கேட்டேன். “அங்கிள் கவுன்சிலா?” என்று சிரித்தார் போன வருஷ மாணவர்.

முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது என்று 2019-இலிருந்து சட்டம். அதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் போட வேண்டும். இங்கே இரண்டு மாதம், கையில் ரொக்கமாக. ரசீது கேட்டதற்கு, “என்ன ப்ரோ, நம்பிக்கை இல்லையா? நம்ம ஆளுங்கதானே” என்றார். ‘நம்ம ஆளு’ என்பதற்கு லண்டன் தமிழில் ஒரே பொருள்தான்: ரசீது கிடையாது. கவுன்சில் வரி என்று ஆளுக்கு மாதம் இருபது பவுண்டு வேறு. முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கிற வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது. இல்லாத வரியை வசூலித்து யாருக்கும் கட்டாமல் வைத்துக்கொள்வதற்கும் ஒரு மேலாண்மைப் படிப்பு இருக்கும்போல.

வீட்டின் உண்மையான சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருப்பார், நெற்றியில் திருநீறு ஈரம் காயவில்லை. ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டைப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், தன் வீட்டில் இருந்தபடி கைபேசியில் சூட்டைத் திறந்துவிடுவாராம். மேட்டூர் அணைகூட இவ்வளவு கணக்காகத் திறந்ததில்லை. குளிர்கிறது என்று பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“தம்பி, நாங்கள் வந்த காலத்திலை ஒரு அறைக்குள்ளை ஒன்பது பேர் கிடந்தனாங்கள். உங்களுக்கு வைஃபை இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு. பிறகென்ன?”

அவர் சொன்னது பொய் இல்லை. எரிந்த ஊரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் அப்படித்தான் கிடந்தார்கள். அவர்களை அடுக்கிப் படுக்கவைத்துக் காசு பார்த்தவன் ஒருவன் அன்றும் இருந்திருப்பான். அவனை இவர் மறக்கவில்லை. அவனாகவே ஆகிவிட்டார்.

என் ஊர்க்காரன் மட்டும் யோக்கியன் என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் இந்த வீட்டை 2,200 பவுண்டுக்கு விட்டிருக்கிறார். போன வருஷ மாணவர் பதினோரு கட்டிலில் 3,850-க்கு மேல் எடுக்கிறார். ஒரு வருஷம் முன்னால் இதே முன்னறையில், இதே மூன்றாவது கட்டிலில் படுத்து அழுதவர் அவர். பஞ்சாபி வீட்டிலும் குஜராத்தி வீட்டிலும் மலையாளி வீட்டிலும் வெள்ளைக்காரன் வீட்டிலும் இதே கதைதான். சாதி, மதம், இனம் கடந்து மனிதர்கள் ஒன்றுபட்டு நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லண்டன் வாடகைச் சந்தைக்கு வரலாம்.

நவம்பரில் பூஞ்சை வந்தது. ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகத் தொடங்கி, கட்டிலின் தலைமாட்டுக்கு இறங்கியது. பையனுக்கு இருமல். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் சோறு வடிப்பதால் ஆவி அடித்துப் பூஞ்சை வருகிறது, உள்ளே துணி காயப்போடுகிறீர்கள், உங்கள் பழக்கவழக்கம்தான் காரணம் என்றார். இந்த வசனம் எனக்குப் புதிதில்லை. மான்செஸ்டர் பக்கம் ராச்டேலில், சூடானிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை அவாப் இஷாக், பூஞ்சை பிடித்த வீட்டில் மூச்சுக் கோளாறு வந்து 2020 டிசம்பரில் இறந்துபோனான். வயது இரண்டு. அப்பா பலமுறை புகார் செய்திருந்தார். குடும்பத்தின் ‘வாழ்க்கை முறை’தான் காரணம் என்று ஊகித்துவிட்டோம், அது தவறு என்று வீட்டுவசதி அமைப்பு பிறகு ஒப்புக்கொண்டது. பிறகு! அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து சமூக வீடுகளில் நடப்புக்கு வந்துவிட்டது. மேனர் பார்க் முன்னறைக்கு இன்னும் வரவில்லை.

2023 மார்ச்சில், இங்கிருந்து சில மைல் தூரத்தில் ஷாட்வெல்லில், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் தீப்பிடித்தது. மின்சைக்கிளின் லித்தியம் பேட்டரி வெடித்தது காரணம். உள்ளே பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள், பெரும்பாலும் வங்கதேசத்து உழைப்பாளிகளும் மாணவர்களும். ஒருவர் செத்துப்போனார். வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், அபராதம் வந்தது, செய்தி வந்தது. நம்ம வீட்டு நடைவழியில் மூன்று டெலிவரி சைக்கிள் நிற்கிறது. இரவெல்லாம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. வெளியே போக அந்த ஒரு வழிதான். கூரையில் கழுத்து நெரிபட்ட கருவி.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். பையன் எனக்கு விளக்கினான், ஏதோ சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. “அங்கிள், கவுன்சில் வந்து வீட்ட மூடிட்டா பதினோரு பேரும் ரோட்ல. நைட்டு எல்லாரும் எத்தன மணி நேரம் வேல பாக்குறாங்கன்னு கேட்டா விசா போச்சு. அப்பாவுக்கு வீடு போச்சு.” ஒரு புகாரின் முனையில் மூன்று கூரை தொங்குகிறது. வீட்டுக்காரருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்துறைக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், இரவில், முழு மெத்தையில்.

இந்தக் கூத்தின் உச்சம் 2025 நவம்பர் பட்ஜெட்டில் வந்தது. வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு வருஷம் 925 பவுண்டு வீதம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிடம் தலைவரி வாங்கப் போகிறார்களாம், 2028 ஆகஸ்டிலிருந்து. பல்கலைக்கழகங்கள் ஐயோ என்கின்றன. எங்கள் வருமானம் என்னாவது, எங்கள் ஆராய்ச்சி என்னாவது என்கின்றன. மாடு நிற்கிற கொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தீவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாலில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் சண்டை.

பையன் இப்போது பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு கட்டுரை சமர்ப்பித்தான். தலைப்பு, குடியிருப்புக் கட்டடங்களில் தீப் பாதுகாப்பு மேலாண்மை. 72 மதிப்பெண். இங்கே அது டிஸ்டிங்ஷன். பேராசிரியர் ஓரத்தில், நடைமுறை உதாரணங்கள் இன்னும் சேர்த்திருக்கலாம் என்று எழுதியிருந்தாராம்.

வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வீடியோ காலில் பேசுகிறான். பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து. பொங்கலன்று தோழன் என்னைக் கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

“மாப்ள, ரூம் அருமையா இருக்குடா. சுத்தி பூரா புஸ்தகமா அடுக்கி வச்சிருக்கான். பெரிய ஜன்னல். உனக்குத்தான்டா நன்றி சொல்லணும்.”

“ஆமாண்டா, நல்ல ரூம்” என்றேன்.

உங்கள் பிள்ளையும் இங்கே இருந்தால், அடுத்த முறை பேசும்போது கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள். முதலில் சுவர், பிறகு கட்டில், பிறகு கூரை. கூரையில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று தெரியும். அதில் நீலப் பை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.